மூன்றாம் படிகத்துக்கு ஒரு திரவம்

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள் பிலோமினாள். அவளுக்கு வழிகாட்டி இளவழகன், வயதில் அவளுக்குத் தம்பி மாதிரி. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள்.

அவள் வளர்த்த படிகங்கள் மூன்று. படிகத்தைத் திரவத்தில் அமிழ்த்தி, எஃகு உருளையில் அடைத்துத் திருகை இறுக்கினால் திரவம் அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்போது படிகத்தின் குணம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் படிகத்தை எண்ணெயில் வைத்தாள். அழுத்தம் ஏற ஏற எண்ணெய் கல்லாய் உறைந்து, படிகத்தை ஒரு பக்கமாய் நெரித்து உடைத்தது. அடுத்ததை, லேசில் உறையாத ஆல்கஹாலில் வைத்தாள். அது கரைந்தே போனது.

மிச்சம் ஒன்று. அதுவும் போனால் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"எதுதான் சார் நல்ல திரவம்?"

"நீங்க வளர்த்த படிகம். என்னைக் கேட்டா?"

உடைந்த படிகத்தின் துணுக்குகளைக் குப்பிக்கு ஒன்றாகப் போட்டு, அலமாரியில் இருந்த திரவங்களை ஊற்றி வைத்தார். "அதையே கேட்போம். நாளைக்கு வாங்க."

மறுநாள் ஒரு குப்பியில் மட்டும் துணுக்கின் ஓரம்கூட மழுங்கவில்லை.

அவள் முகம் தெளியவில்லை. "இது ஆல்கஹாலுக்கு முன்னாடியே உறைஞ்சிடுமே சார்."

"நமக்கு எதுவரைக்கும் போகணும்?"

யோசித்தாள். "இது உறையற அழுத்தத்துல பாதி போதும்."

"மதுரைக்குப் போறவங்களுக்கு டெல்லி டிக்கெட் எதுக்குக்கா?"

கடைசிப் படிகத்தை அந்தத் திரவத்தில் அமிழ்த்தி, மாதாவை நினைத்துக்கொண்டு திருகை இறுக்கினாள். படிகத்தின் குணத்தை அளக்கும் கருவி காட்டிய எண் மெல்ல மெல்ல ஏறி, ஓரிடத்தில் சட்டென்று விழுந்தது. அவள் தேடி வந்த மாற்றம் அதுதான். உருளையைத் திறந்தால், படிகம் வைத்தது வைத்தபடி இருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்."

"நான் என்ன செஞ்சேன்? உங்க கேள்வியைப் படிகம்வரைக்கும் கொண்டுபோனேன்."

"அது போதாதா?"

இளவழகன் குப்பிகளைக் கழுவ எடுத்தார்.

"கொண்டுபோற வழியில என் பதில் ஒண்ணு வாய்வரைக்கும் வந்துச்சு. அதைக் கலக்காம விட்டேன். வேணும்னா அதுக்குச் சொல்லுங்கக்கா."