கொடிக்குள் போய் வந்த குடல்

"இந்த வயித்தை என்னம்மா செய்ய?" என்று கேட்டார் உலகநாதன்.

லாரி ஷெட்டை மகன்களிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர் அவர். குரு சிவகாமி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். காவி கட்டுமுன் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்தார். இப்போதும் மடத்து ஆஸ்பத்திரியில் அதைத்தான் செய்கிறார்.

"வீட்டை விட்டேன், சொத்தை விட்டேன். பசி மட்டும் விடமாட்டேங்குது. கண்ணை மூடினா இட்லி தெரியுது. மனுஷனுக்கு வயிறுன்னு ஒண்ணு எதுக்கு?"

அம்மை சிரிக்கவில்லை.

"வாங்க."

ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், முந்தின நாள் பிறந்த பெண் குழந்தை. தொப்புள் இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய பை. அதற்குள் குடல் சுருண்டு கிடப்பது வெளியே தெரிந்தது.

உலகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன கர்மமோ..."

"அதை அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

கதவோரம் சுவரைப் பிடித்தபடி குழந்தையின் தாய் மாரிக்கனி நின்றிருந்தாள். உலகநாதன் அவள் பக்கம் திரும்பினார். அவளே கேட்டாள்.

"கிரகணத்தன்னைக்கு வெளிய வந்துட்டேன் சாமி. அதனாலதான்னு வீட்ல சொல்றாங்க. என் தப்புதானா?"

அவர் குருவைப் பார்த்தார். அம்மை வந்து மாரிக்கனியை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"கேளு. கரு உண்டாகி ஆறாவது வாரம். பிள்ளை ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். குடல் மளமளன்னு வளரும். பிள்ளையோட வயித்துல அதுக்கு இடம் இருக்காது. ஈரலே பாதியை அடைச்சுக்கிட்டிருக்கும்."

"அப்ப எங்க போகும்?"

"தொப்புள்கொடிக்குள்ள. அங்கேயே நீளும், அங்கேயே திரும்பும். பத்தாவது வாரம் வாக்குல வயித்துல இடம் உண்டாகும். உள்ள வந்துடும்."

"எல்லாப் பிள்ளைக்குமா?" என்றார் உலகநாதன்.

"எல்லாப் பிள்ளைக்கும். என் குடலும் வெளியதான் கிடந்தது. உங்களதும்."

அவர் கை தானாகத் தொப்புளுக்குப் போனது.

"இவளுக்கு உள்ள வரலை. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கிரகணத்தால இல்ல. அது தெரியும்."

மாரிக்கனி அப்போதுதான் அழுதாள்.

அன்று மதியமே அறுவை முடிந்தது. குடல் உள்ளே போனது, வயிறு தைக்கப்பட்டது.

"குடல் வேலை செய்யுற வரைக்கும் பால் கிடையாது," என்றார் அம்மை. "உலகநாதன், நீங்க பக்கத்துல இருங்க."

"நான் என்னத்தைப் பார்க்கணும்?"

"பசிக்குதான்னு பாருங்க."

உட்கார்ந்தார். குழந்தையின் கையில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய், அதில் பச்சையாக நீர் வந்துகொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. கண்ணைத் திறக்கவும் சோம்பியது. மாரிக்கனி பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள்.

நர்ஸ் வந்து, குடல் அசையும் சத்தம் கேட்கிறதா என்று வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். போவாள்.

மறுநாளும் அப்படித்தான்.

அவர் ஜபமாலையை எடுத்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

குழாயில் பச்சை குறைந்தது. ஒருநாள் விடிந்ததும் துணியில் கொஞ்சம் கறுப்பாக மலம். நர்ஸ் கைதட்டினாள். ஆனாலும் குழந்தை அசையாமல் கிடந்தது.

வெயில் ஏறியபோது அதன் உதடு குவிந்தது. தலை இப்படியும் அப்படியும் திரும்பி எதையோ தேடியது. முஷ்டியை வாய்க்குள் திணித்துச் சப்பியது. ஒன்றும் வரவில்லை. முகம் சிவந்தது. வீறிட்டது.

உலகநாதன் துண்டு கீழே விழுவதும் தெரியாமல் தாழ்வாரத்தில் ஓடினார்.

"அம்மா! பசிக்குது! அவளுக்குப் பசிக்குதம்மா!"

அம்மை வந்தார். குழந்தையின் வயிற்றில் காது கொடுத்து நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது உலகநாதன் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார், கன்னமெல்லாம் கண்ணீர்.

"என்னை ஏன் கும்பிடுறீங்க? பாலைத் துளித்துளியா ஆரம்பிக்கலாம். அவ அம்மாவைக் கூப்பிடுங்க."

அவர் கதவைத் திறந்தார். மாரிக்கனி எழுந்து நின்றாள்.

"வா தாயி," என்றார். "பிள்ளைக்குப் பசிக்குதாம்."