முழங்காலைத் தொட்ட கை

மானோடை ஏரிக்குப் போகிறவர்கள் முதலில் வாயை அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பரிசலில் பேச்சு கூடாது. ஏதாவது கண்ணில் பட்டால் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத் தொட்டுவிட்டுக் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். கரைக்கு வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். ஆனால் அப்போது பெரும்பாலும் யாருக்கும் பேசத் தோன்றாது.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் முகாம் வீட்டில் ஒரு பெரிய நோட்டு இருக்கிறது. அன்றன்று கண்ட பறவையும் விலங்கும் அதில் ஏறும். ஒருவர் கண்டால் போதாது. இரண்டு பேர் கண்டிருக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தனியாளாகப் பார்த்தேன் என்று கலெக்டரே வந்து சொன்னாலும் நோட்டில் இடமில்லை.

முகாமை நடத்துகிறவர் நாகேஸ்வரி டீச்சர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், அப்பா சென்னியப்பன் காலமானதும் வேலையை விட்டுவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்தார். முகாமில் அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிலேயே மூத்தவர் தணிகாசலம். டீச்சரைவிடப் பதினேழு வயது பெரியவர். பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக ஒவ்வொரு தை மாதமும் வந்து ஒரு வாரம் தங்குகிறார். நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் வித்தியாசம் தெரியாமல் டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட காலமெல்லாம் போய், இப்போது ஓரளவு தேறியிருந்தார்.

அந்த வருடம் வந்து இறங்கியதும் கேட்டார்.

"டீச்சர், நோட்டைக் காலேஜுக்குக் குடுக்கப் போறீங்களாமே?"

"ஆமாங்க சார். ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறாங்க. புத்தகமாப் போடறாங்களாம். முக்கியமா அந்த நீர்நாய் வரியத்தான் கேக்கறாங்க. இத்தன வருச நோட்டுல நீர்நாய் ஒரே ஒருக்காத்தான் வந்திருக்குது. நீங்களும் அக்காவும் பாத்தது."

தணிகாசலம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்த வாரம் எனக்கு ஒரு நீர்நாய் காட்டுங்க டீச்சர்."

"அது நம்ம கையிலயா இருக்குது?"

"எப்படியாவது."

டீச்சர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "போய்ப் பாக்கலாம்" என்றார்.

அந்த வரியில் பாதி பொய். அது தணிகாசலத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. கல்யாணமாகி மூன்றாவது வருடம், அவரும் மனைவி வசுமதியும் முதல் தடவையாக வெளியூர் என்று கிளம்பி வந்தார்கள். வசுமதி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். டிபன் கேரியரில் புளிசாதம். தணிகாசலத்தின் கழுத்தில் அலுவலக நண்பரின் கேமரா. ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படம் எடுக்கலாம். மனிதர் முப்பத்தாறையும் முதல் அரைமணி நேரத்தில் கூழைக்கடாக்களுக்கே செலவழித்துவிட்டார்.

புது ரோலை மாட்ட வேண்டும். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் வீணாகிவிடும் என்று துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போது வசுமதி முழங்காலைத் தொட்டாள். ஒரு நிமிஷம் பொறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி தொட்டாள். மூன்றாவது தடவை அழுத்திப் பிடித்தாள். அவர் துண்டை விலக்கியபோது எதிர்ப்பாறை ஓரத்தில் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் அந்தப் பக்கம் மூங்கில் புதரைப் பார்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் வசுமதி கேட்டாள்.

"பாத்தீங்கல்ல?"

அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் அவர் அதுவரை பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

"ம், பாத்தேன்."

அவள் ஓடிப்போய் சென்னியப்பனிடம் சொன்னாள். அவர் நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வசுமதி போய் ஆறு வருடமாகிறது. அடுத்து வந்த தையிலேயே தணிகாசலம் மானோடைக்கு வந்துவிட்டார். ஒரே ஒரு நீர்நாயைப் பார்த்துவிட்டால் போதும், பொய் கொஞ்சமாவது மெய்யாகிவிடும் என்று ஒரு கணக்கு. ஊரார் எழுதிய பிழையெல்லாம் முப்பது வருடம் திருத்தியவருக்கு, தானே போட்ட ஒரு பிழை தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. விடிந்ததும் பரிசல் இறங்கியது. பாம்புத்தாரா கண்டார்கள். கரண்டிவாயன் கண்டார்கள். ஆற்று ஆலா ஒன்று தலைக்கு மேலேயே பறந்து போனது. நீர்நாய் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை காலை டீச்சர் பரிசலை அந்தப் பழைய பாறையில் கொண்டுபோய் அணைத்தார். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஃபிளாஸ்க்கில் இருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். தணிகாசலம் குடிக்கவில்லை.

"டீச்சர், அந்த வரியில என் கையெழுத்த அடிச்சிடுங்க."

"ஏனுங்க?"

"நான் பாக்கல."

தணிகாசலம் துண்டு, ஃபிலிம், முழங்கால் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"இத ஏன் சார் இத்தன நாளாச் சொல்லல?"

"என் பேர அடிச்சா மிச்சம் ஒரே ஆளு. நோட்டு வழக்கப்படி அவ பாத்ததும் போயிடும். என் பொய்க்கு அவ எதுக்கு டீச்சர் நஷ்டப்படணும்?" குடிக்காத காப்பியைப் பாறைமேல் வைத்தார். "ஆனா நாளைக்கு அது புத்தகமாகப் போவுது. பொய்னு தெரிஞ்சே எப்படி விடறது?"

டீச்சர் தன் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"அக்கா என்ன பாத்தாங்க?"

"நீர்நாய்."

"அது நோட்டுலயே இருக்குது. என்ன பாத்தாங்கன்னு சொல்லுங்க."

"ஒரு தாய். நாலு குட்டி."

"எங்கே?"

"இதோ இந்தச் சரிவுல. மூணு குட்டி தண்ணியில இறங்கிடுச்சு. நாலாவது இறங்க மாட்டேன்னு கத்துச்சு."

"அப்புறம்?"

"தாய் மேல ஏறி வந்து, பிடரியக் கவ்வி இழுத்துட்டுப் போய்த் தண்ணியில போட்டுச்சு. குட்டி முங்கி எழுந்து மூக்க உறிஞ்சிச்சு. நம்ம பொண்ணக் குளிப்பாட்டறப்போ உறிஞ்சுவாளே, அப்படின்னு பின்னாடி ஒரு வரி சேத்துக்கிட்டா."

"தாய் ஏதாச்சும் தின்னுச்சா?"

"கெண்டை மீன். ரெண்டு முன்னங்கையாலயும் புடிச்சிக்கிட்டு."

"வாலுல இருந்தா, தலையில இருந்தா?"

"தலையில இருந்து. வால் கடைசி வரைக்கும் ஆடிக்கிட்டே இருந்துச்சாம்."

"மீசை?"

"மீசையில தண்ணி சொட்டு நின்னுச்சு. வெயில் பட்டு ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னுச்சாம். எண்ணியிருக்கலாம், நீங்க அசைஞ்சதுல ஓடிடுச்சும்பா."

சொல்லும்போது அவர் பாறைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டீச்சர் பையிலிருந்து பெரிய நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டினார். தணிகாசலத்தின் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதன் அடியில் ஏதோ எழுதி அவரிடம் நீட்டினார்.

கண்டவர் வசுமதி. அவர் சொல்லக் கேட்டவர் தணிகாசலம்.

"வழக்கம், டீச்சர்?"

"அப்பா போட்ட வழக்கம் அப்படியே இருக்கட்டும். சேத்தறதா வேண்டாமான்னு காலேஜ்காரங்க முடிவு பண்ணிக்கட்டும். தலையில இருந்து தின்னுறதும், குட்டி தண்ணிக்குப் பயப்படறதும், பாக்காதவங்களுக்குத் தெரியாது. நம்ம நோட்டுல நடந்தது நடந்தபடி இருந்தாச் சரி."

தணிகாசலம் அதை இரண்டு தடவை படித்தார். பழைய பழக்கத்தில் மூன்றாவது தடவையும் படித்தார். திருத்த ஒன்றுமில்லை.

அவர் கையெழுத்துப் போட்டார். டீச்சர் நோட்டைப் பைக்குள் வைத்துக் கட்டினார். பரிசலில் ஏறி உட்கார்ந்ததும் தணிகாசலம் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் ஆற மாட்டேங்குது. நானும் பாத்தேன்னு கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டே போயிட்டா."

டீச்சர் துடுப்பைத் தண்ணீரில் வைத்தார். போடவில்லை.

"இந்தக் கதைய அக்கா யாருக்கெல்லாம் சொல்லுவாங்க?"

"பொண்ணுக்கு ஒண்ணு ரெண்டு தடவ சொல்லியிருப்பா. மத்தபடி எனக்குத்தான். கரண்டு போனா சொல்லுவா. பஸ்ஸுல போறப்போ சொல்லுவா. ஆஸ்பத்திரியில கடைசி வாரத்துலகூட, முழங்காலத் தொட்டுட்டு, அந்த நாலாவது குட்டி இருக்கே, அப்படின்னு ஆரம்பிச்சா."

"அத்தனையும் விவரமாவா?"

"ஒண்ணு விடாம."

டீச்சர் ஒரு தடவை துடுப்புப் போட்டார். பரிசல் பாறையை விட்டு நகர்ந்தது.

"கூட இருந்து பாத்தவருக்கு, அத்தன விவரமா, அத்தன தடவ யாராச்சும் சொல்லுவாங்களா சார்?"

தணிகாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, பரிசலில் பேசக்கூடாது என்பது ஞாபகம் வந்தவர்போல மூடிக்கொண்டார். கரை சேரும்வரை, தன் முழங்கால்மேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.