அஞ்சலைக்குப் போட்ட இலை

அநியாயம் நடந்தது அஞ்சலைக்கு. இறந்துபோன அப்பா அம்மாவுக்குப் பொங்கலன்று வைக்கிற படையலுக்கு, இந்த வருஷம் நீ வர வேண்டாம் என்று கூடப்பிறந்த அண்ணனே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு வாய் அதிகமாம். ஒரு வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்கிற ஆள் ஒருத்திதான் இருப்பாள், அவளுக்குத்தான் வாய் அதிகம் என்று பெயர் வரும்.

"உளுந்து ஊறப் போட்டுட்டேனே அண்ணே" என்று மட்டும் அவள் சொன்னாள்.

"அரைச்சு நீயே சாப்பிடு" என்றான் அவன்.

அண்ணன் பெயர் குழந்தைவேலு. தலை நரைத்த பிறகு ஞானம் தேடிப் புறப்பட்டவன். ஏரிக்கரை மடத்தில் இருந்த மங்கையம்மை அவனைவிட இளையவள். இருந்தாலும் அவளைத்தான் குருவாக ஏற்றிருந்தான். மார்கழியில் ஒருநாள், குடும்பம் ஒன்றுகூடுகிற நாளில் சந்தோஷமாக இருப்பது எப்படி என்று அவளிடம் கேட்டான். அம்மை வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் பதில் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பொங்கலன்று யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. மருமகள் தேங்காயைக் கூடச் சத்தமில்லாமல் உடைக்கப் பார்த்தாள். கூடத்தில் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு என்று மூன்று இலை போட்டுப் பரிமாறினார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள்.

உச்சி வெயில். தெருவில் ஒரு காக்கை இல்லை. குழந்தைவேலுவுக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு பொங்கல் அந்த வீட்டில் அமைந்ததே இல்லை.

அப்போது உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"உப்பு பத்தலை." அப்பாவின் குரல்.

"உங்களுக்குத்தான் நாக்கே கிடையாதே. உப்பு எப்படித் தெரிஞ்சுது?" அம்மாவின் குரல்.

சித்தப்பா சிரித்தார். இருமலில் போய் முடிகிற அதே சிரிப்பு. டம்ளர் ஒன்று உருண்டது. கிழங்கு வேகவில்லை, வாழைக்காய் கருகிவிட்டது, யார் செய்தது இது என்று பேச்சு வளர்ந்தது. வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவும் பயந்தார்கள். கடைசியில் அம்மா தெளிவாகச் சொன்னாள்:

"அஞ்சலைக்கு ஒரு இலை போடுங்க. அவ இன்னும் சாப்பிடலை."

அதோடு சத்தம் நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். கூடத்தில் நான்கு இலைகள் இருந்தன. வீட்டாருக்கென்று மூலையில் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை யாரோ உருவி, அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மற்ற மூன்றிலும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்த தடம் இருந்தது. அந்த நான்காவது இலை சாப்பிட்டு முடித்து மடித்திருந்தது.

குழந்தைவேலு ஏரிக்கரைக்கு ஓடினான். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, செத்தவர்கள் ஒருத்திக்கு இலை போட்டால் அவளைத் தங்களோடு அழைத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம் என்று கேட்டான்.

"நீங்க ஏன் அவளுக்குப் போடலை?" என்றாள் அம்மை.

"நீங்க காட்டின வழிதானே அம்மை. அன்னைக்கு நான் கேட்டப்போ பேசாம இருந்தீங்களே."

"அன்னைக்கு எனக்குப் பல் வலி."

இருவரும் அடுத்த ஊருக்கு நடந்தார்கள். அஞ்சலை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குழந்தைவேலு தட்டினான். பதில் இல்லை. தங்கச்சி பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு, சத்தமே கூடாது என்றவன், அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"எதுக்கு இந்தக் கத்து? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே அஞ்சலை கதவைத் திறந்தாள்.

அடுப்புப் பக்கம் ஒரு தூக்கு நிறைய வடை. ஒன்றுகூட அவள் வாயில் வைக்கவில்லை. காலையிலிருந்து பட்டினிதான், ஆனால் உச்சிப் பொழுதிலிருந்து வயிறு திம்மென்று இருக்கிறது என்றாள். கையை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மையிடம் நீட்டினாள்.

"பாருங்கம்மா, நெய் வாசம் கழுவக் கழுவப் போகலை. எங்க வீட்டில நெய்யே கிடையாது."

குழந்தைவேலு அந்தக் கையைப் பிடித்தான். சூடாக இருந்தது. வீட்டுக்கு வா என்றான். சொன்னது சொன்னதுதான், வர மாட்டேன் என்றாள். செய்தது தப்பு என்றான். அதை உள்ளே நின்று சொன்னால் போதாது என்றாள். அவன் தெருவில் இறங்கி நின்று, எல்லோரும் பார்க்க இன்னொரு முறை சொன்னான்.

அவள் கதவைப் பூட்டினாள். தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாலு வீடு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். பொங்கலும் அதுவுமாக இதுவா வேட்டி, அண்ணி துவைக்க மாட்டாளாம், உனக்கும் கை இல்லையாம், ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு வாழைக்காயைக் கருக விட்டீர்களே என்று திட்டிக்கொண்டே போனாள்.

வாழைக்காய் என்றதும் குழந்தைவேலு நின்றுவிட்டான். அம்மை நிற்கவில்லை. அவன் ஓடிவந்து அவளோடு சேர்ந்துகொண்டான்.

"கேட்டீங்களா அம்மை? இன்னும் தெருமுனை தாண்டலை. வீட்டுக்குள்ள போனா என் வீட்டுக்காரி சும்மா இருக்க மாட்டா. சோறு ஆறிப்போயிருக்கும். பிள்ளைங்க அழும். இதில எங்கே இருக்கு சந்தோஷம்?"

"செத்தவங்களுக்குப் பூட்டு ஏது, வேலி ஏது? எந்த வீட்டுக்கும் போகலாம், யாரும் தடுக்க முடியாது" என்றாள் அம்மை. "இன்னைக்கு ஊரெல்லாம் பொங்கல். ருசியாச் சமைச்ச வீடு, சண்டையே தெரியாத வீடு எத்தனையோ இருக்கு. உங்க அப்பாவும் அம்மாவும் எங்கே வந்தாங்க?"