மில் முதலாளி குரலுக்குச் சுருதி சேர்த்தது

பாளையங்கோட்டையில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. ஜெபக்கனி டீச்சர் தன் பள்ளிக்கூடத்து நூற்றாண்டு விழாப் பாட்டைப் பாட வந்திருந்தார். நான் கீபோர்டு, கொம்பையா தபேலா. கண்ணாடி அறைக்குள் புழுங்கியதால் எல்லோரும் வெளியே வந்து, வாசல் கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்தோம்.

டீச்சருக்கு ஒரு கவலை. முப்பது வருஷம் வகுப்பில் கத்திக் கத்தி அவருடைய குரல் தேய்ந்துவிட்டது. மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் நழுவும் என்று அவருக்கே தெரியும். புதிதாக வந்த தலைமையாசிரியை வேறு, "முடியலன்னா சொல்லுங்க, எட்டாங் கிளாஸ் பிள்ளை யாரையாவது பாட வச்சிருவோம்" என்று சொல்லியிருந்தார். பாட்டை எழுதி மெட்டுப் போட்டது டீச்சர்தான். விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அண்ணாச்சி, குரலைச் சரி பண்ணுத சாஃப்ட்வேர் நாலஞ்சு இருக்காமே. அதுல எது நல்லது?" என்று கேட்டார்.

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஸ்டூலை இழுத்தால் என்ன அர்த்தம் என்று கொம்பையாவுக்கும் எனக்கும் தெரியும். டீச்சருக்குத் தெரியாது.

"நாலஞ்சு இருக்கலாம் டீச்சர். நான் மூணு பாத்திருக்கேன். மூணையும் ஒரே தொண்டைல போட்டுப் பாத்தவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான். அந்தத் தொண்டை வெயிலுமுத்து முதலாளியோடது. ரைஸ் மில் வச்சிருக்காருல்லா, அவரு."

"அவரு எப்ப வே பாடினாரு?" என்றார் கொம்பையா.

"நீரு கொஞ்சம் பொறும். அவருக்குக் கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம். அவரு வீட்டம்மா ஆவுடையம்மா இருக்காவல்லா, ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கிட்டே, 'இத்தன வருஷத்துல எனக்குன்னு ஒரு பாட்டு பாடியிருப்பியளா'ன்னு கேட்டுட்டாவ. மனுசனுக்குச் சோறு எறங்கல. ராத்திரியோட ராத்திரியா அவரே பாட்டு எழுதி, மறுநா காலைல என் முன்னால வந்து நிக்காரு. எழுபத்தஞ்சு கிலோ மூட்டைய ஒத்தைக் கையில தூக்குத மனுசன், அந்தக் காகிதத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரு."

"பாட்டு எப்படி?" என்றார் டீச்சர்.

"பாட்டக் குத்தம் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சது அரிசி. 'ஆவுடையே, நீ எனக்கு ஆத்தங்கரைப் பொன்னி'ன்னு எடுத்திருந்தாரு. மொத சரணத்துல சீரகச் சம்பா. ரெண்டாவது சரணத்துல அந்தம்மாவ ஐ.ஆர். எட்டுன்னுட்டாரு. 'முதலாளி, அது தடி அரிசி, வீட்டுல சண்ட வரும்'னு நான்தான் மாத்தச் சொன்னேன். இதெல்லாம் நடந்தது டீச்சர், இதுல ஒரு சொல்லு பொய்யில்ல."

இது வரைக்கும் நாங்களும் நம்பினோம்.

"குரலு இருக்கே, அதத்தான் சொல்லணும். சுருதிப் பெட்டிய நாலு கட்டைல வச்சேன். அவரு அஞ்சரைல ஏறினாரு, ரெண்டுல எறங்கினாரு, ஒரு இடத்துல கட்டையே இல்லாத ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்தாரு. மைக்கு இருக்குல்லா, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுது. நான் மூணு தடவை நேரா வச்சேன், மூணு தடவையும் திரும்பிக்கிட்டுது."

"ஸ்டாண்டுல திருகாணி லூசா இருந்திருக்கும்" என்றார் கொம்பையா.

"அப்படித்தான் நானும் நெனச்சு இறுக்கினேன். ஸ்டாண்டே திரும்பிட்டு. சரின்னு மொத சாஃப்ட்வேர எடுத்தேன். அது எப்படின்னா டீச்சர், நாம கொஞ்சம் விலகிப் பாடினா, பக்கத்துல எந்த ஸ்வரம் இருக்கோ அதுல கொண்டுபோய்ச் சேத்துவிட்டுரும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஆனா முதலாளி பாடுதது ரெண்டு ஸ்வரத்துக்கும் நட்ட நடுவுல. மயிரிழை அங்கிட்டும் இல்ல, இங்கிட்டும் இல்ல. அதுக்கு எந்தப் பக்கம் இழுக்கன்னு தெரியல. யோசிச்சுது. ஒரு நாளு யோசிச்சுது. ரெண்டு நாளு யோசிச்சுது. நாலாம் நாளு ஸ்கிரீன்ல எழுத்து வருது: 'எனக்குப் பிடிபடல. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.'"

"தமிழ்லயா வந்துச்சு?" என்றார் டீச்சர்.

"இங்கிலீஷ்லதான் வந்துச்சு. நான் தமிழ்ல சொல்லுதேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டாவது சாஃப்ட்வேரு வேற மாதிரி. அதுல நாம பாடுத ஒவ்வொரு எழுத்தும் ஸ்கிரீன்ல கொழுக்கட்டை கொழுக்கட்டையாத் தெரியும். எது எறங்கி இருக்கோ அத மவுசால பிடிச்சு மேல தூக்கி வைக்கணும், எது ஏறி இருக்கோ அத எறக்கணும். நிதானமா வேல பாக்கதுக்கு அதான் நல்லது. உங்க குரலுக்கெல்லாம் அஞ்சு நிமிசம் போதும். முதலாளி குரலு அப்படி இல்ல. 'ஆவுடையே'ன்னு அடி வயித்துலருந்து எடுத்தாருல்லா, அதுல அந்த 'டை' இருக்கு பாருங்க, அது உரல் தண்டிக்குக் கனமா விழுந்து கெடக்கு. பிடிச்சுத் தூக்குதேன், அசையல. ரெண்டு கையும் போட்டுத் தூக்குதேன், மேசை எந்திரிக்கி, 'டை' எந்திரிக்கல. முதலாளி வெளிய போயி மில்லுக்குப் போன் போட்டாரு. லோடுமேன் நாலு பேரு வந்தாவ."

"ஒரு மவுசை நாலு பேரு எப்படி வே பிடிச்சாவ?" என்றார் கொம்பையா.

"கயிறு கட்டித்தான். நீரு லோடு ஏத்தினதே இல்லையா? மவுசுல கயிறக் கட்டி, சன்னல் கம்பில கொடுத்து, நாலு பேரும் தம் பிடிச்சு இழுத்தாவ. அதுல அருணாசலம்னு ஒருத்தன், புதுசு, அளவு தெரியாம ஒரே இழுப்பு இழுத்துட்டான். 'டை' ஸ்கிரீனத் தாண்டிப் போயிட்டு. எங்க தேடியும் காணல. பாட்டு இப்ப 'ஆவு...யே'ன்னு நிக்கி. அரை மணி நேரம் கழிச்சு நாலாவது வீட்டு மாடில வத்தல் காயப்போட்டுக்கிட்டிருந்த அம்மா எட்டிப் பாத்து, 'யண்ணே, உங்க பாட்டுல ஒரு துண்டு எங்க மாடில கெடக்கு, வத்தல நசுக்கிட்டு'ன்னு சத்தம் கொடுக்காவ. நானே ஏறிப் போயி எடுத்துட்டு வந்தேன். வெயில்ல கெடந்ததுல லேசாச் சுருங்கிப் போச்சு, இல்லன்னா ஏணில எறக்கியிருக்க முடியாது."

கொம்பையா தபேலாவின் உறையைப் பிரித்து மறுபடி கட்டினார். அது அவர் கோபத்தை அடக்கும் வழி.

டீச்சர் மட்டும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அப்ப மூணாவதுதான் நல்லது போல" என்றார்.

"அங்கதான் டீச்சர் நான் மாட்டினேன். மூணாவது தானா வேல செய்யும். ஆன் பண்ணி விட்டாப் போதும், பாடப் பாடச் சரி பண்ணிக்கிட்டே வரும். முதலாளி பாடினாரு, நான் ஆன் பண்ணினேன். என்ன சொல்ல. தேன் மாதிரி விழுது. நாலு கட்டைல அப்படியே நிக்கி. முதலாளி கண்ணு கலங்கிட்டு. நானும் அந்தச் சந்தோசத்துல அத ஆஃப் பண்ண மறந்துட்டேன். மைக்கு திறந்து கெடக்கு, வாசக் கதவு இந்தா இப்ப மாதிரியே திறந்து கெடக்கு. அது மொதல்ல ஃபேனச் சரி பண்ணிச்சு. கர்ருன்னு சுத்தின ஃபேனு கல்யாணி ராகத்துல சுத்துது. அடுத்து தெருவுக்கு எறங்கிட்டு. நாயி குலைக்கது சுருதி சுத்தம். பழ வண்டிக்காரன் 'ரஸ்தாளி, ரஸ்தாளி'ன்னு மோகனத்துல வாரான். குழாயடில ரெண்டு பொம்பளைங்க சண்ட போட்டாவ, ஒருத்தி மேல எடுத்தா மத்தவ கீழ வாங்குதா. தண்ணி பிடிக்க வந்தவங்க குடத்தக் கவுத்து வச்சுத் தாளம் போட்டாவ. தென்காசி பஸ்காரன் ஹாரன் அடிச்சான், பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பேரும் எறங்கிட்டாவ."

"ஏன் எறங்கினாவ?" என்றார் டீச்சர்.

"இன்னொரு தடவ கேக்கதுக்கு."

"அண்ணாச்சி" என்றார் கொம்பையா, "நான் அந்தத் தெருவுலதான் குடியிருக்கேன். நான் ஒண்ணும் கேக்கல."

"நீரு அன்னைக்கு நாசரேத்துக் கச்சேரிக்குப் போயிட்டீரு. இல்லன்னா உம்ம குறட்டையும் ஒழுங்காயிருக்கும். சரி, கதைக்கு வாரேன். முதலாளி பாட்ட பென் டிரைவ்ல வாங்கிட்டு வீட்டுக்குப் போனாரு. துணைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. அவருக்கு அம்புட்டு பயம். ஆவுடையம்மா அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்து, முழுசாக் கேட்டாவ. முந்தானைல கண்ணத் தொடச்சிட்டு, 'யாரு இவரு, இம்புட்டு நல்லாப் பாடுதாரு'ன்னாவ. 'நான்தாம்ட்டீ'ன்னாரு முதலாளி. 'சும்மா இருங்க. இவருக்குக் கல்யாணம் ஆயிட்டா?'ன்னு என்னப் பாத்துக் கேக்காவ."

இங்கே டீச்சர் சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்கு அது போதும்.

"சிரிக்காதிய டீச்சர். அந்த மனுசன் எழுந்து வெளிய போயி மில்லு வாசல்ல உக்காந்துட்டாரு. தன் குரலு மேலயே பொறாம. அதோட போச்சா. ஒரு மணி நேரம் அந்த சாஃப்ட்வேர் முன்னால நின்னு பாடினாருல்லா, அது அவரு தொண்டைக்குள்ளயே எறங்கிட்டு. பேசினாலே சுருதியோட வருது. 'லே, மூட்டைய எறக்குங்கலே'ன்னு அதட்டுதாரு, அது சங்கராபரணத்துல வருது. லோடுமேன்மாரு மூட்டையத் தலைல வச்சுக்கிட்டே கண்ண மூடிக் கேக்காவ. வெளிய லாரி நிக்கி. மொதல்ல ஏழு லாரி. மறுநா எழுபது. மூணாம் நாளு லாரி வரிசை கயத்தாறு தாண்டிட்டு. ஜில்லா பூரா அரிசி இல்ல. ஜனங்க இட்லிக்குப் பதிலா உப்புமா திங்காவ. நாலாம் நாளு ரவையும் தீந்து போச்சு. முதலாளி என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'மந்திரமூர்த்தி, என் பழைய குரல எனக்குத் திருப்பிக் குடுத்துருடே'ன்னு அழுதாரு. அழுகையும் முகாரில சுத்தமா வருது. பாத்துக்கிட்டு நின்னவன்லாம் சபாஷ் போடுதான்."

"அன்இன்ஸ்டால் பண்ண வேண்டியதுதான?" என்று முதல் தடவையாக நான் வாயைத் திறந்தேன்.

"பண்ணினேனே. அழிக்க அழிக்க அது தன்னையே சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சு வருது. கடைசில ஒரே வழிதான் இருந்துச்சு. அது தாங்க முடியாத ஒரு குரலக் காட்டணும். எங்க போவேன் அப்படி ஒரு குரலுக்கு? ஹெட்போன மாட்டினேன், முதலாளியத் தோளோட அணைச்சு மைக்கு முன்னால நிறுத்தினேன், நானே பாடினேன்."

டீச்சர் அண்ணாச்சியின் தொண்டையைப் பார்த்தார்.

"ஒரே வரிதான் டீச்சர். ஸ்கிரீனு ஒரு தடவ செவந்துச்சு, ஒரு தடவ வெளுத்துச்சு. அந்த சாஃப்ட்வேரு தானாவே வெளிய போறதுக்குப் பட்டனத் தேடி அமுக்கிட்டுப் போயிட்டு. பத்து நிமிசத்துல அதச் செஞ்ச கம்பெனிக்காரன் அமெரிக்காவுலருந்து போன் பண்ணுதான். 'அங்க என்ன நடந்துச்சு, எங்க ஊர்ல இருக்க எல்லா கம்ப்யூட்டரும் காதப் பொத்திட்டு உக்காந்திருக்கு'ங்கான். ராங் நம்பருன்னு வச்சிட்டேன்."

"முதலாளி?" என்றார் டீச்சர்.

அண்ணாச்சியின் குரல் சற்று இறங்கியது. "பழைய குரலு திரும்பிட்டு. அதோட வீட்டுக்குப் போயி அந்தம்மா முன்னால நின்னு, எந்தச் சாஃப்ட்வேரும் இல்லாம அதே பாட்டப் பாடினாரு. சுவத்துக் கடிகாரம் நின்னு போச்சு. பக்கத்து வீட்டு எருமை மடி வத்திட்டு. ஆவுடையம்மா முழுசும் கேட்டுட்டு, 'இது எங்க வீட்டு ஆளு குரலுதான்'னு சொல்லி எந்திரிச்சுப் போயி அவருக்கு ரெண்டாவது தடவ சோறு போட்டாவ. இன்னைக்கும் அவங்க போன்ல அதான் ரிங்டோன்."

கொம்பையா இந்தத் தடவை தபேலா உறையைத் தொடவில்லை.

அந்த நேரம் கரண்ட் வந்தது. ஃபேன் வழக்கம்போல் கர்ரென்று சுற்றியது. எல்லோரும் உள்ளே போனோம். டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிப் பாடினார். பல்லவி நன்றாக வந்தது. அனுபல்லவி அதைவிட நன்றாக வந்தது. சரணத்தில், அவர் பயந்துகொண்டிருந்த அதே மேல் ஸ்தாயியில், குரல் ஒரு நூல் அளவுக்கு நழுவியது. எனக்கே கேட்டது.

டீச்சர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சியைப் பார்த்தார். "அந்த ஒரு இடம் மட்டும்தான் அண்ணாச்சி. எந்த சாஃப்ட்வேர்ல போட்டுச் சரி பண்ணப் போறிய?"

அண்ணாச்சி மவுசை அங்கும் இங்கும் நகர்த்தினார். கழுத்தைச் சொறிந்தார்.

"சாஃப்ட்வேரோட ஓசி ட்ரையல் நேத்தோட முடிஞ்சிட்டு டீச்சர்."

"மூணுமா?" என்றார் கொம்பையா.

"ஒண்ணுதான் வே இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி. "டீச்சர், சரணத்துலருந்து இன்னொரு தடவ பாடிருங்க."