புரிந்தது ஐயா

முதலில் என்னை ஊமை ஆக்கியவர் தண்டாயுதபாணி வாத்தியார்.

பிறக்கும்போது நான் ஊமை இல்லை. என் அப்பன் கல்லுடைக்க வந்த ஊரில் அவர் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர் தமிழில் பாடம் சொல்வார். முடித்ததும், "புரிந்ததா?" என்பார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "புரிந்தது ஐயா" என்பார்கள்.

நான் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பேன். அவன் தலையாட்டினால் நானும் ஆட்டுவேன்.

ஒருநாள் என்னைத் தனியாக எழுப்பிக் கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. நின்றேன்.

இன்னும் உரக்கக் கேட்டார். நின்றேன்.

அப்பனை வரவழைத்தார். ஊமைப் பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க முடியாது என்றார். அப்பனுக்கும் தமிழ் வராது. அவரும் தலையாட்டினார்.

மறுநாள் நான் குவாரியில் இருந்தேன்.

வாத்தியார் சொன்னது இன்னது என்று, எனக்குத் தமிழ் வந்த பிறகுதான் மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அதற்குள் பெயர் ஒட்டிவிட்டது. என் பெயர் ஓபுளன். ஊமையன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன வீட்டில் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு, பிறக்கிற பிள்ளைக்கும் இந்த ஊமைத்தனம் வருமோ என்று தரகரைத் தனியாக அழைத்துக் கேட்டார்கள்.

அந்தச் சொல்லை வாத்தியார் தம் வாயால் திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு வர வேண்டியது அவ்வளவுதான்.

கேட்பதற்கு ஒரு தடவை அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். கூலி வேலை கேட்டு வந்ததாக நினைத்து, கிணற்று வேலை இப்போது ஒன்றும் இல்லை, போய் வா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் கால் வைக்கவில்லை.

கல்லுடைக்கத் தெம்பு போன பிறகு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் மையத்தில் சமையலுக்குச் சேர்ந்தேன்.

அங்கே ஒருநாள் தண்டாயுதபாணி வாத்தியாரின் மகன் பயிற்சிக்கு வந்தார். பெயர் சிவஞானம். அவரும் வாத்தியார்.

*

வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பது அன்றைய பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவர் சுலோசனா அம்மாள். சௌராஷ்டிரர். அதிகம் பேசாதவர்.

சிவஞானம்தான் முதலில் எழுந்தார்.

"அம்மா, என் வகுப்புல கல் கிரஷர்ல வேலை பாக்குற ஒடியாக்காரர் பொண்ணு ஒண்ணு இருக்கு. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரோடவும் சேர்ந்து புரிஞ்சுதுங்குது. தனியா எழுப்பிக் கேட்டா வாயே திறக்காது. வாய் பேசாத பிள்ளைங்க பள்ளிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். திங்கட்கிழமை அவங்க அப்பாவை வரச் சொல்லியிருக்கேன்."

நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று கைதவறி விழுந்தது.

அம்மாள் எழுந்து பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்தார். தம் மொழியான சௌராஷ்டிரத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார்.

முதலில் சிரித்தார்கள். பட்டுச்சேலை எடுக்கப் போனால் கடைக்காரர்கள் தங்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், விலையை ஏற்றப் போகிறார்கள் என்று அர்த்தம் என்றார் ஒருவர். அதற்கும் சிரித்தார்கள்.

அம்மாள் நிறுத்தவில்லை. பலகையில் ஏதோ வரைந்தார். அழித்தார். மறுபடி வரைந்தார். சிரிப்பு அடங்கியது. சிலர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

கடைசியில் எதையோ கேட்டார். குரலிலிருந்து அது கேள்வி என்று மட்டும் தெரிந்தது.

முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர். அது அப்படியே பின்வரிசை வரைக்கும் போனது. சிவஞானமும் ஆட்டினார்.

அம்மாள் இன்னொன்று கேட்டார். இந்தத் தடவை எல்லாரும் சட்டென்று ஆட்டினார்கள்.

அவர் சமையல்கட்டுக்கு வந்தார்.

"சோறு போடாதீங்க."

"வடிச்சாச்சும்மா."

"மூடி வைங்க."

மூடி வைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மதியம் எல்லாரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புளிக்குழம்பு வாசம் கூடம் வரைக்கும் வந்தது. யாரும் பரிமாறவில்லை. சிவஞானம் எழுந்து போய் அம்மாளிடம் கேட்டார்.

"நீங்கதானே வேண்டாம்னீங்க" என்றார் அம்மாள்.

"நாங்களா? எப்பம்மா?"

"இன்னைக்குச் சாப்பாட்டை நிறுத்திடலாமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க. எல்லாருக்கும் சம்மதந்தானான்னு திரும்பக் கேட்டேன். அதுக்கும் ஆட்டினீங்க."

"எனக்குப் புரியலையேம்மா."

"அதை ஏன் சொல்லலை?"

சிவஞானம் நின்றார்.

அம்மாள் அதே கேள்வியைத் தம் மொழியில், இன்னும் உரக்கக் கேட்டார்.

சிவஞானம் நின்றார்.

"பிறவியிலேயே பேச்சு வராதா உங்களுக்கு?" என்றார் அம்மாள்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அம்மாள் போய்த் தம் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அவரும் சாப்பிடவில்லை.

*

சிவஞானம் சமையல்கட்டுக்கு வந்தார். சோறு கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"ஊமையண்ணே, நல்லாத்தானே பேசுறீங்க. உங்களுக்கு யாரு இந்தப் பேரை வெச்சது?"

என்னிடம் இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. சொன்னேன்.

அந்த வாத்தியார் யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

மூட்டையிலிருந்து எழுந்தார். பிறகு, அப்பாவுக்குப் பதிலாக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தார்.

"அது நீங்க சொன்ன சொல் இல்லையே" என்றேன்.

சாயங்காலம் என்னைத் தம் வீட்டுக்குக் கூப்பிட்டார். வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழியில் நிறுத்திப் போனை எடுத்தார். பெண்ணைப் பள்ளியை விட்டு அனுப்பப் போவதில்லை, திங்கட்கிழமை வர வேண்டாம் என்று அந்த ஒடியாக்காரரிடம் தமிழில் சொன்னார். மறுமுனையில், "சரி சார், சரி சார்" என்று கேட்டது.

சிவஞானம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வண்டியைக் கிரஷர் பக்கம் திருப்பினார். அங்கே தமிழும் ஒடியாவும் தெரிந்த ஒரு டிரைவரைத் தேடிப் பிடித்தார். பெண்ணின் அப்பாவுக்கு எதிரில் நின்று, டிரைவரைக் கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வைத்தார். அவர் தம் வாயால் திருப்பிச் சொல்லும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நான் கல்தூசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பனுக்கு அப்படி ஒருவரும் நிற்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிவஞானம் என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துருச்சு. பேச்சு இல்லை. நாம சொல்றது அவருக்குப் புரியுதான்னும் தெரியலை."

உள்ளே போனேன்.

தண்டாயுதபாணி வாத்தியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரு கை மடியில் செத்துக் கிடந்தது. அவருக்குப் பக்கத்தில் சிவஞானம் உட்கார்ந்தார். எதிரில் நான் நின்றேன். நின்றுதான் எனக்குப் பழக்கம்.

எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல தமிழில் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வர வேண்டியது என்ன என்பதையும் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

பிறகு கேட்டேன்.

"புரிந்ததா?"

வாத்தியார் பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்தார். சிவஞானம் அழுதுகொண்டே தலையாட்டினார்.

அதைப் பார்த்து அவரும் ஆட்டினார்.