பெரிய மாப்ளையின் நாப்பத்து மூணு இஞ்ச்

செய்யாறு வரதப்பன் வீட்டுல அந்த ஆடி ஞாயித்துக்கெழமை ரெண்டு விஷயத்தை ஊத்தினாங்க. ஒண்ணு, தெரு மாரியம்மனுக்குப் படைச்ச கூழு. அது மத்தியானத்துக்குள்ள தீந்துபோச்சு. இன்னொண்ணு, பெரிய மாப்ள தணிகாசலத்தோட டிவி பெருமை. அது தீர்ற வழியாக் காணோம்.

சின்ன மாப்ள குணசீலனுக்கு ஒரே வயித்தெரிச்சல். இருக்காதா பின்ன? மாமனார் வீட்டுப் பழைய டிவி புட்டுக்கிச்சு. புதுசா நாப்பத்து மூணு இஞ்ச்ல ஒண்ணு எடுக்கணும், "எது நல்லதுன்னு பாத்து வைங்க மாப்ள"ன்னு வரதப்பன் வாயைத் தொறந்து கேட்டது குணசீலனைத்தான். கல்யாணமாகி வந்ததுலேருந்து அந்த வீட்டுல அவன் பேச்சை ஒரு ஆளு கேட்டதில்ல. கொழம்புக்கு உப்பு போதுமான்னுகூட பெரிய மாப்ளயைத்தான் கேப்பாங்க. முதல் தடவையா ஒரு மரியாதை கெடைச்சிருக்கு, விடுவானா? ஒரு வாரமா ஊர்ல இருக்கற கடையெல்லாம் ஏறி எறங்கினான். நேரா நின்னு பாத்தான், ஓரமாப் போயி பாத்தான், இருட்டு சீன் போடச் சொன்னான், நியூஸ் போடச் சொன்னான், சத்தத்தைக் கூட்டுங்க கொறைங்கன்னான். கடைசியில இவன் தலை தெரிஞ்சாலே சேல்ஸ்மேனுங்க குடோனுக்குள்ள பூந்துக்க ஆரம்பிச்சாங்க. அப்படி சலிச்சு எடுத்து ஒண்ணை முடிவு பண்ணி வச்சிருந்தான்.

சாயங்காலம் கடைக்குப் போகணும். அதுக்குள்ள தணிகாசலம் சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

"மாமா, கடையில நின்னு பாக்கறவனுக்கு டிவியைப் பத்தி என்ன தெரியும்? வீட்டுல வச்சுப் பாக்கறவன் நான் சொல்றேன். ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்ச அன்னிக்கே தூக்கியாந்துட்டேன்ல. அதையே எடுங்க."

தணிகாசலம் சொன்ன அந்த டிவி, குணசீலன் பாத்துட்டு வேணாம்னு கழிச்சது. நேரா பாத்தா ஜோராத்தான் இருக்கும். கொஞ்சம் ஓரமா உக்காந்தா ஆளுங்க மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வெளுத்துப்போகும்.

"படம் எப்படி மாப்ள, தெளிவா இருக்கா?"ன்னாரு வரதப்பன்.

"தெளிவா? சமையல் நிகழ்ச்சி போட்டேன் மாமா. வஞ்சரம் வறுக்கறாங்க. எதுத்த வீட்டுப் பூனை ஜன்னல் வழியா ஒரே பாய்ச்சல்! ஸ்கிரீனை நக்குது!"

கூழுக்கு வந்துட்டுக் கதைக்குத் தங்கிட்ட பக்கத்து வீட்டு ஏகாம்பரம், "நக்கிட்டு ஏமாந்து போயிருக்கும், பாவம்"ன்னாரு.

"ஏமாந்துச்சா? ஒரு துண்டைக் கவ்விக்கிட்டுப் போச்சுங்க. அந்த சமையக்கார அம்மா தட்டைப் பாத்துட்டு, இங்க வச்ச மீனு எங்கன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கு."

குணசீலன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டான். "மீனு கெடக்கட்டும் சகல. ஓரமா உக்காந்தா கலர் வெளுக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"ஓரமாவா? பின்னாடி உக்காந்தே பாக்கலாம் சகல! எங்க பின்வீட்டுக்காரரு செவுத்துக்கு அந்தாண்ட சேர் போட்டுப் பாக்கறாரு. எழுத்து மட்டும் இடவலமா மாறித் தெரியுதாம். அதுக்குன்னு ஒரு கண்ணாடி வாங்கிக் கையில வச்சுக்கிட்டாரு."

"ரொம்ப நல்லது. செவுரை இடிக்காம விட்டாரே"ன்னான் குணசீலன்.

"ஜன்னல் வெளிச்சம் அடிச்சா நம்ம மூஞ்சிதான் தெரியும்பாங்களே?"ன்னாரு ஏகாம்பரம்.

"தெரியும். ஆனா இளமையாத் தெரியும். என் சம்சாரம் கனகா இப்பல்லாம் அதுலதான் பாத்துத் தலை வாருறா. பீரோ கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

வரதப்பன் நாற்காலியை இன்னும் கிட்டக்க இழுத்துப் போட்டுக்கிட்டாரு. குணசீலன் விடல. "சத்தம் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்குமே சகல, அது?"

"யாரு சொன்னா? கும்பாபிஷேகம் நேரலை போட்டேன். அந்த மேளச் சத்தத்துல எங்க தெரு ஜனம் பூரா சாமியாட ஆரம்பிச்சிடுச்சு. வேப்பிலை கெடைக்காம நான் கறிவேப்பிலையை ஒடிச்சு அடிச்சேன். அதோட போச்சா? கோபுரத்து மேலேருந்து தண்ணி தெளிச்சாங்க பாருங்க, என் சட்டை தொப்பலா நனைஞ்சிடுச்சு. அன்னிலேருந்து பக்தி சேனல் போட்டா துண்டோடதான் உக்கார்றது."

"எங்களுக்கெல்லாம் சின்ன வயசுலயே காது குத்தியாச்சு பெரிய மாப்ள"ன்னாரு ஏகாம்பரம். ஆனா எழுந்து போகல.

வரதப்பன் தொடையைத் தட்டினாரு. "சரி, பெரிய மாப்ள சொல்றதையே எடுத்துடுவோம்."

குணசீலனுக்கு அழுகையே முட்டிக்கிட்டு வந்துடுச்சு. ஒரு வாரம் நாயா அலைஞ்சது எதுக்கு? "மாமா, நீங்க எப்பவும் ஃபேனுக்குக் கீழ அந்த ஓரத்துல உக்காருற ஆளு. அந்த டிவியில உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் சொல்றதை ஒரே ஒரு தடவை கேளுங்க!"

மாமனார் யோசிக்கற மாதிரி இருந்துச்சு. விடுவாரா தணிகாசலம்? கடைசி அம்பை எடுத்தாரு.

"ஓரம் கீரம் எல்லாம் விடுங்க மாமா. நேத்து கபடி மேட்ச். ஒருத்தன் பாடிக்கிட்டே ஏறி வந்தான். வந்த வேகத்துல கோட்டைத் தாண்டி, ஸ்கிரீனைத் தாண்டி, எங்க ஹாலுக்கே வந்துட்டான்! நான் சும்மா இருப்பேனா? காலை வாரி மடக்கிப் போட்டேன். நடுவரு உள்ளேருந்து விசிலடிச்சு எனக்கு ஒரு பாயிண்ட் குடுத்தாரு!"

"பையன் இப்ப எங்க?"ன்னாரு ஏகாம்பரம்.

"மோரு குடுத்து அனுப்பி வச்சேன். தங்கமான பையன்."

வரதப்பன் படக்குன்னு எழுந்து துண்டைத் தோள்ல போட்டாரு. "இதுக்கு மேல என்னால தாங்க முடியாது. வாங்க, ரெண்டு தெரு தள்ளித்தானே உங்க வீடு. ஒரு எட்டு பாத்துட்டு அப்படியே கடைக்குப் போயிடுவோம்."

தணிகாசலத்துக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "இப்பவா மாமா? கரண்ட் இல்லையே."

தலைக்கு மேல ஃபேன் ஜம்முனு சுத்திக்கிட்டிருந்துச்சு. எல்லாரும் ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டுக் குனிஞ்சாங்க.

"எங்க தெருவுல இல்ல மாமா. இருந்தாலும் டிவிக்கு ஞாயித்துக்கெழமை ஓய்வு குடுக்கணும். நேத்து கபடி வேற ஆடியிருக்கு."

அந்த நேரம் பாத்து, கோயில் கூழ் அண்டாவைக் கழுவி எடுத்துக்கிட்டு தணிகாசலத்தோட சம்சாரம் கனகவல்லி உள்ள வந்தா. "எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"உங்க வீட்டு டிவியைப் பாக்கத்தாம்மா."

"அதுல பாக்க என்னப்பா இருக்கு? இன்னும் பெட்டியே பிரிக்கல. ஆடியில யாராவது புதுச் சாமானைப் பிரிப்பாங்களா? தள்ளுபடி போயிடுமேன்னு வாங்கிட்டு வந்துட்டோம். மஞ்ச குங்குமம் வச்சு மூலையில நிறுத்தியிருக்கேன். ஆவணி பொறக்கற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டேன். இவரு தெனம் அட்டைப்பெட்டி மேல போட்டிருக்கற படத்தைப் பாத்துக்கிட்டே சோறு தின்றாரு."

குணசீலனுக்கு அத்தனை நாள் பட்ட அலைச்சலும் அந்த ஒரு நிமிஷத்துல எறங்கிப்போச்சு. வேற ஆளா இருந்தா செருப்பை மாட்டிக்கிட்டு நழுவியிருப்பான். தணிகாசலம் நழுவற ஆளா? தொண்டையைக் கனைச்சாரு.

"பாத்தீங்களா மாமா! பெட்டிக்குள்ள இருக்கும்போதே இவ்வளவு தெரியுதுன்னா, பிரிச்சா இந்த ஊரு தாங்குமா?"

வரதப்பன் சிரிக்கல. அவரை ஏற எறங்கப் பாத்தாரு. அப்புறம், "சின்ன மாப்ள, வண்டியை எடுங்க. நீங்க பாத்து வச்சதையே எடுப்போம்"ன்னாரு.

குணசீலன் சாவியோட வாசலுக்கே போயிட்டான். உள்ளேருந்து மாமியார் கொரல் குடுத்தாங்க. "எதையாவது வாங்கிட்டு வாங்க. ஆனா ஆவணியிலதான் பிரிக்கணும், இப்பவே சொல்லிட்டேன்!"

"அதுக்கென்ன இப்ப?"ன்னு செருப்பை மாட்டினாரு வரதப்பன். "ஆவணி வரைக்கும் பெட்டிக்குள்ள என்ன ஓடுதுன்னு பெரிய மாப்ள தெனமும் வந்து பாத்து, நமக்குச் சொல்லிட்டுப் போகட்டும்."