நாற்பது பழம் முந்நூறான கதை

மலை உச்சியில் ஒரே ஒரு நாவல் மரம். அதில் பழம் பறிப்பது செவந்தி என்ற மந்தியின் வேலை. அவள் பறித்ததை உடும்பு பாதி மலை வரை இறக்கும். அங்கிருந்து முள்ளம்பன்றி முதுகில் குத்திக்கொண்டு போய்க் குளத்து ஆமைகளுக்குக் கொடுக்கும். மழை வரும்வரை ஆமைகளுக்கு வேறு தீனி கிடையாது.

தினம் நாற்பது பழம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் உடும்பு வந்து இருநூறு கேட்டது. செவந்தி கை வலிக்கப் பறித்தாள். மறுநாள் ஒன்றுமே வேண்டாம் என்றது. அதற்கு மறுநாள் முந்நூறு வேண்டுமாம்.

செவந்தி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மிச்சம் தொள்ளாயிரம் பழம் தேறும். மழைக்கு இன்னும் இருபது நாள். இப்படிப் பறித்தால் மூன்றே நாளில் மரம் காலி, அப்புறம் ஆமைகள் பட்டினி.

“பறிக்க மாட்டேன்” என்றாள்.

“மேல உட்கார்ந்திருக்கிற உனக்குக் கீழ நடக்கிறது என்ன தெரியும்?” என்றது உடும்பு.

“தெரியாதுல்ல? அதான் போய்ப் பார்க்கப்போறேன்.”

விறுவிறுவென்று இறங்கினாள். உடும்பின் பொந்தில் ஒரு குவியல் பழம் ஈ மொய்த்துக் கிடந்தது. முள்ளம்பன்றியின் புதரில் இன்னொரு குவியல், புளித்து நாறியது. நாவல் பழம் ஒரு நாள் தாங்கினாலே பெரிது. இவ்வளவு எதற்கு என்று கேட்டாள். பற்றாமல் போய்விடுமோ என்று பயந்து முள்ளம்பன்றி இரண்டு மடங்கு கேட்டதாம். அதே பயத்தில் உடும்பு அதையும் இரண்டு மடங்காக்கியதாம். மிஞ்சிக் கிடந்ததால் மறுநாள் வேண்டாம் என்றார்கள். மிஞ்சியது அழுகியதும் பதறிப்போய் முந்நூறு.

செவந்தி நேராகக் குளத்துக்குப் போனாள். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓர் ஆமையிடம், தினம் எத்தனை பழம் வேண்டும் என்று கேட்டாள்.

“நாங்க எட்டுப் பேரு. ஆளுக்கு அஞ்சு, எப்பவும் நாப்பதுதான். முந்தாநாள் மட்டும் மருமகன் வந்தான்னு பத்து கூடக் கேட்டோம். அவன் மறுநாளே கெளம்பிட்டான் தாயி” என்றது ஆமை.

செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பி வந்து உடும்பையும் முள்ளம்பன்றியையும் எதிரே நிறுத்தினாள்.

“இனிமே வாயால எண்ணிக்கை சொல்லாதீங்க. ஆமைங்க தின்ன கொட்டையைக் கொண்டாங்க. எத்தனை கொட்டை வருதோ, அத்தனை பழம் தருவேன்.”

“திடீர்னு விருந்தாளி வந்தா?” என்றது முள்ளம்பன்றி.

“பத்துப் பழம் கையில வெச்சுக்கோ. தினம் பழசை முதல்ல குடு, புதுசை வெச்சுக்கோ. பதினொண்ணாவது இருந்துச்சுன்னா, நானே வந்து புடுங்குவேன்.”

கொட்டை சுமப்பதும் என் தலையெழுத்தா என்று உடும்பு முனகியது. அழுகலைச் சுமந்ததைவிட இது லேசுதான் என்றாள் செவந்தி.

மறுநாள் காலை முப்பத்தொன்பது கொட்டை வந்தது. ஓர் ஆமை ஒன்றை விழுங்கியிருக்கும், நாற்பதாகவே கொடு என்று உடும்பு கெஞ்சியது. செவந்தி முப்பத்தொன்பதுதான் பறித்தாள். குறைந்த ஒன்றை முள்ளம்பன்றி தன் பத்திலிருந்து கொடுத்துச் சமாளித்தது. ஓர் ஆமையும் பட்டினி கிடக்கவில்லை.

முதல் மழை இறங்கிய அன்றும் மரத்தில் பழம் இருந்தது.

கீழே எத்தனை வாய் என்று பார்க்காமல் பயத்தில் குவித்து வைப்பவர்கள், குவித்ததையும் இழப்பார்கள், மரத்தையும் மொட்டையடிப்பார்கள்.